ரொறன்ரோவில இருந்து வாற அக்காவின்ரை மகன்: என்ன ஆயத்தம் செய்யவேணும்?

நல்லூர்ச்சித்தி:
யாழ்ப்பாணத்துக்கு, நல்லூர்த் திருவிழாவுக்கு அக்காவின்ரை மகன் வாறான். 19 வயசு, அங்க பிறந்தவன். மனச்சோர்வுக்கு செர்ட்ரலின் போடுறான். தமிழ் விளங்கும், பதில் இங்கிலீசில. "ஊர்க்காத்துப் பட்டால் சரியாயிடும், குளிசையை நிப்பாட்டுங்கோ" எண்டு அம்மம்மா நிக்கிறா. என்ன செய்யலாம்?

வடலி:
நிப்பாட்டவே கூடாது. பிரஷர்க் குளிசை மாதிரித்தான் இதுவும் எண்டு அம்மம்மாவுக்கு விளங்கப்படுத்துங்கோ. திடீரெண்டு விட்டால் சில நாளிலேயே தலைச்சுத்து, எரிச்சல், நித்திரையின்மை, கரண்ட் அடிச்சமாதிரி உணர்வு வரலாம். வீடு அதைப் பார்த்து வருத்தம் கூடிப்போச்செண்டு கலங்கும். நிக்கிற நாளுக்கு மேலால ஒரு கிழமைக் குளிசையும் மருந்துத் துண்டும் கைப்பையில வரட்டும். ஓகஸ்டில அங்க காலை 8 மணி எண்டால் இங்க பின்னேரம் 5.30. எந்த நேரத்துக்கு மாத்துறதெண்டு வெளிக்கிட முதல் டொக்டரிட்டைக் கேக்கட்டும். ஒரு நேரம் தவறினால் அடுத்தமுறை ரெண்டாய்ப் போடக் கூடாது. காய்ச்சலுக்கு இபுபுரூபன் குடுக்காதேங்கோ, செர்ட்ரலினோட சேர்ந்தால் இரத்தக்கசிவு வாய்ப்புக் கூடும். பனடோல் போதும். டெங்குச் சந்தேகம் எண்டாலும் அதுதான் சரி.

செம்பருத்தி:
குளிசையை விடச் சொந்தக்காரர்தான் பயம். "தமிழ் கதைக்கத் தெரியாதோ?", "என்ன படிக்கிறாய்?", "உன்ரை மச்சான் எஞ்சினியர்". மூண்டாவதோட பிள்ளை அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்தும். அங்க "உண்மையில நீ எந்த நாடு?" எண்டு கேட்டு வளந்தவனை இங்கயும் வெளியாளாக்கினால் அவன் எங்க நிக்கிறது? நீங்கள் தமிழில கதையுங்கோ, அவன் இங்கிலீசில சொல்லட்டும், திருத்தாதேங்கோ. முகத்துக்கு நேரை இருத்திக் கேக்கிறதை விட, திருநெல்வேலிச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கத்தரிக்காய் தெரியவிட்டால் தானாக் கதை வரும்.

இன்னொண்டு. நல்லூரில ஆம்பிளையள் மேற்சட்டை கழட்டித்தான் உள்ள போகலாம். கையில வெட்டின தழும்பு இருந்தால் அந்த வாசலில பிள்ளை உடைஞ்சுபோகும். "விருப்பமெண்டால் உள்ள வா, இல்லாட்டி வெளிவீதியில நிப்பம்" எண்டு வீட்டிலயே சொல்லிவிடுங்கோ. காரணம் கேக்காதேங்கோ.

நல்லூர்ச்சித்தி:
"இருந்தென்ன" எண்டு ஏதும் சொன்னால்?

வடலி:
"சாகவேணும் எண்ட நினைப்பு வருதோ?" எண்டு நேராக் கேளுங்கோ. கேக்கிறதால அந்த நினைப்பு வராது. ஓம் எண்டால் தனிய விடாதேங்கோ. தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தையும் அம்மம்மாவின்ரை குளிசையளையும் பூட்டி வைச்சிட்டு, உடனடியாப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. இலங்கையில தேசிய மனநல உதவி இலக்கம் 1926, இரவும் எடுக்கலாம். கனடாவில 988; 2023 நவம்பரில தொடங்கினது, குறுஞ்செய்தியும் அனுப்பலாம். இதை அக்காவும் போனில பதிஞ்சு வைக்கட்டும்.

செம்பருத்தி:
வருத்தத்தின்ரை பேரை அவன்ரை சம்மதமில்லாமல் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, கேக்கிறது பெரியம்மாவா இருந்தாலும்.