மீனும் தவளையும் ஒரே குளத்தில் இருக்க முடியுமா?

கேள்வி (மண்வெட்டி):
தோட்டத்தில் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத்தில் குளம் வெட்டப்போகிறோம். மீன் வளர்க்க வேண்டும், தவளையும் தட்டானும் பறவைகளும் தாமாக வரவும் வேண்டும். ஷீட்டா, சிமென்டா? எவ்வளவு ஆழம்? கொசுவுக்கு என்ன வழி?

அல்லித்தண்டு:
இந்த அளவுக்கு 1 மி.மீ. தடிமனுள்ள ரப்பர் ஷீட் போதும். மெல்லிய பாலித்தீன் வேண்டாம், வெயில் பட்ட விளிம்பு சீக்கிரமே வெடித்துவிடும். ஷீட்டின் அளவுக்கு, குளத்தின் நீளத்தோடு ஆழத்தை இரு மடங்காக்கிக் கூட்டி, இரு கரைக்கும் 30 செ.மீ. வீதம் சேருங்கள். நடுவில் 75 செ.மீ. ஆழம் என்றால் 3 + 1.5 + 0.6 = 5.1 மீட்டர். அகலத்துக்கும் இதே கணக்கு, 4.1 மீட்டர்.

செங்குத்தாக வெட்டாதீர்கள். ஓரத்தில் 20 செ.மீ. ஆழத்தில் ஒரு முழ அகலப் படி விட்டு, அதற்குப் பிறகு நடுப்பள்ளம். ஒரு பக்கம் மட்டும் கூழாங்கல் பரப்பிய மெல்லிய சரிவு கட்டாயம் வேண்டும். தவளைக் குஞ்சு கரையேறுவதும், குருவி நின்று குளிப்பதும், தவறி விழுந்த அணில் தப்பிப்பதும் அதன் வழியாகத்தான்.

ஷீட் விரிக்கும் முன் கல், வேர்முனை எல்லாம் பொறுக்கிவிட்டு 5 செ.மீ. மணல், அதன்மேல் பழைய சாக்கு. கரை மட்டத்தைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள், நீர் நிரப்பிய டியூப் லெவல் பிடித்துச் சுற்றிலும் பாருங்கள். ஒரு பக்கம் 3 செ.மீ. தாழ்ந்தாலும் நீர் அங்கே வழியும், எதிர்ப்பக்கம் கறுப்பு ஷீட் பல்லிளிக்கும்.

சிமென்ட் தொட்டி என்றால் நீர் நிரப்பி ஐந்தாறு நாள் ஊறவிட்டு வடித்து, இதை நான்கு தடவையாவது செய்யாமல் மீன் விடக்கூடாது. சுண்ணாம்பு கசிந்து நீரின் காரத்தன்மை ஏறிவிடும்.

தும்பிக்கரை:
மேலே சொன்னதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் முக்கியக் கேள்வி மீன்தான். மீன் உள்ள குளத்தில் தவளை முட்டையிடும், தலைப்பிரட்டை மிஞ்சாது. தட்டான் புழுவுக்கும் அதே கதி. தேரையின் தலைப்பிரட்டையைப் பல மீன்கள் தொடுவதில்லை, அதனால் தேரை மட்டும் பெருகலாம்.

இரண்டும் வேண்டுமென்றால் பெரிய குளத்துக்குப் பக்கத்திலேயே மீனில்லாத சின்னக் குளம் ஒன்று வெட்டிவிடுங்கள். 1 மீட்டர் சதுரம், 30 செ.மீ. ஆழம், தனி ஷீட். பெரிய குளம் வழியும் நீர், கூழாங்கல் நிறைத்த வாய்க்கால் வழியே இதில் விழட்டும். ஒரே குளத்தில் சமாளிக்கப் பார்த்தால் இரண்டுமே அரைகுறையாகிவிடும்.

பெரிய குளத்தில் சரிவும் படியும் போக 2500 லிட்டர் அளவில் நிற்கும். சிறு மீன் பத்துக்கு மேல் வேண்டாம். கோய் மீன் இதற்கு ஆகாது, அது வளர்ந்து செடியைப் பிடுங்கும், அடிச்சேற்றைக் கலக்கும். கொசுவுக்கென்று, கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீனையும் விடாதீர்கள். மழைநீரோடு வெளியேறினால் ஓடைகளில் உள்ள தலைப்பிரட்டைகளையும் சிறு மீன்களையும் அழித்துவிடும்.

சின்னக் குளத்தில் கொசுப்புழுவைத் தின்னும் தட்டான் புழு வந்து சேரச் சில வாரம் ஆகும். அதுவரை பி.டி.ஐ. எனும் பாக்டீரியா மாத்திரை போடுங்கள், தவளைக்கும் மீனுக்கும் கெடுதல் இல்லை. கொசுப்புழு அதைத் தின்றால்தான் சாகும். கால்புள்ளிபோல் வளைந்து உருண்டு நீந்துகிறதே, அது கூட்டுப்புழு. அது எதையும் தின்னாது, மருந்தும் வேலை செய்யாது. அதைச் சல்லடையால் அள்ளத்தான் வேண்டும்.

மண்வெட்டி:
நன்றி, இரண்டு குளமாகவே வெட்டி நீர் விட்டு 12 நாள் ஆகிறது. இன்னும் மீன் விடவில்லை. பெரியதில் தண்ணீர் பச்சைப் பசேல் என்றாகிவிட்டது. நீர்மட்டமும் தினம் ஒரு விரற்கடை இறங்குகிறது. வடித்துவிட்டு மாற்றட்டுமா?

அல்லித்தண்டு:
மாற்றாதீர்கள். புது நீரில் புது உப்புகள் வரும், பாசி திரும்பவும் கிளம்பும். நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் இலை மூட வேண்டும். அல்லியைப் பூந்தொட்டியில் வெறும் களிமண்ணில் நடுங்கள், எரு கலக்காதீர்கள். மேலே இரண்டு விரல் கனத்துக்குக் கூழாங்கல். முதலில் செங்கல்மேல் ஏற்றி வைத்து, இலை எழ எழ ஒவ்வொரு கல்லாக எடுத்து இறக்குங்கள். நீருக்குள் வேலம்பாசி நாலைந்து கட்டு. வெங்காயத்தாமரை வேண்டாம், சம்பங்கோரையும் வேண்டாம், அதன் கிழங்குமுனை ஷீட்டையே துளைக்கும்.

மீனுக்கு அவசரப்படாதீர்கள். கழிவு அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பாசி நீரில் பகலில் காரத்தன்மை ஏறுவதால் அம்மோனியாவின் விஷமும் கூடும். முதலில் இரண்டு மூன்று மீன் மட்டும் விடுங்கள், இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே தீனி. விடியற்காலையில் மேலே வந்து வாயைப் பிளந்தால் ஆக்சிஜன் குறைவு, இரவில் செடியும் பாசியும் சேர்ந்து இழுத்துக்கொள்கின்றன. அப்போதுதான் பம்ப் தேவை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முழுக் கொள்ளளவையும் சுற்றும் திறன், உறிஞ்சு வாயில் ஸ்பாஞ்ச்.

தும்பிக்கரை:
மட்டம் இறங்குவதற்கு ஒரு சோதனை. வாளியில் குளத்து நீரை எடுத்து ஓரப்படியில் வையுங்கள். உள்ளும் வெளியும் ஒரே மட்டமாக்கிக் கோடு போட்டு, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது வெயில் குடித்தது. குளம் மட்டும் அதிகம் இறங்கினால் முதலில் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். ஷீட்டுக்கு மேலாகச் சரிந்த மண்ணோ புல்வேரோ, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் நீரை வெளியே இழுத்துக்கொண்டிருக்கும். அதை வெட்டிவிட்டால் நின்றுவிடும். அதுவும் இல்லையென்றால் நீரை இறங்கவிடுங்கள். எந்த மட்டத்தில் நிற்கிறதோ, ஓட்டை அந்தக் கோட்டில்தான் இருக்கும்.