புதுப்பிப்பு: பாலிக்கு ஸ்கூபா சாமான் கொண்டுபோவதா, வாடகைக்கு எடுப்பதா?

பாலியின் துலாம்பென்னில் டைவ் செய்ய (முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்கடியில் நீந்த) போகிறேன், 20 கிலோ பெட்டிக்குள் எல்லாச் சாமானையும் திணிப்பதா, அங்கேயே வாடகைக்கு எடுப்பதா என்று கேட்டிருந்தேன். போய் வந்தாயிற்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"உடம்புக்குப் பொருந்த வேண்டியதை மட்டும் தூக்கிப் போங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. பவர் கண்ணாடி வைத்த மாஸ்க், ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர், பூட்ஸ், அப்புறம் ரெகுலேட்டருக்கு (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் கருவி) வாயில் கடித்துக்கொள்ளும் ஒரு மவுத்பீஸ். 3 கிலோகூட வரவில்லை. மிதக்க உதவும் ஜாக்கெட், ரெகுலேட்டர், 3 மில்லிமீட்டர் நீச்சல் சூட், காலில் மாட்டும் துடுப்பு எல்லாம் வாடகை. சிலிண்டரும் மூழ்குவதற்கான ஈயக் கட்டியும் எப்படியும் அவர்களுடையதுதான்.

எதிர்பாராதது கரை. அங்கே எல்லோரும் டைவ் செய்து பார்ப்பது மூழ்கிக் கிடக்கும் லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலை. அது 1942-இல் டார்பிடோ பட்டுக் கரையேற்றப்பட்டது. 1963 எரிமலை வெடிப்பில் கடலுக்குள் சரிந்தது. அதைப் பார்க்கக் கரையிலிருந்து நடந்தேதான் இறங்க வேண்டும். மணல் கிடையாது, காலடியில் உருளும் கருங்கற்கள். பூட்ஸ் இல்லாவிட்டால் முதல் அலையிலேயே சிலிண்டரோடு விழுந்திருப்பேன். பூட்ஸ் போட்டால் குதிகால் திறந்த துடுப்புதான் சேரும், அதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாடகை ரெகுலேட்டரின் மவுத்பீஸ் கிழிந்திருந்தது. என்னுடையதை மாட்டிக்கொண்டேன்.

நான் கோட்டை விட்டது ஒன்று: டார்ச்சின் உபரி லித்தியம் பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். விமான நிலையத்தில் பெட்டியைப் பிரித்துக் கொட்டி எடுத்தேன்.