வில்லிஸ் எம்பி: 7.00-16 டயர் உரசுகிறது, ட்யூப் ஒரே இடத்தில் கிழிகிறது. 6.00-க்கு மாறலாமா?

பச்சைஜீப் எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது 1944 வில்லிஸ் எம்பி, இரண்டாம் உலகப்போர் கால ராணுவ ஜீப். இன்ஜின், கியர்பாக்ஸ் வேலையெல்லாம் முடிந்து இப்போது சக்கரத்தில் வந்து நிற்கிறேன். முன்பு வைத்திருந்தவர் ஸ்டெப்னி உட்பட ஐந்துக்கும் 7.00-16 (7 அங்குல அகலம், 16 அங்குல ரிம்) போட்டிருக்கிறார். ரிம் எல்லாம் இரண்டு துண்டாகப் பிரிகிற காம்பேட் ரிம், 4.50 அங்குல அகலம்.

ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் முன்டயரின் உள்தோள் ஸ்பிரிங் பட்டையில் உரசுகிறது. பட்டையின் ஓரம் பெயின்ட் போய்ப் பளபளவென்று இருக்கிறது. பின்பக்க இடது சக்கரத்தில் ட்யூப் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் கிழிகிறது. டயருக்குள் ஆணியோ முள்ளோ இல்லை, கையை விட்டுத் தடவிப் பார்த்தாயிற்று. 50 கிலோமீட்டர் வேகம் தாண்டினால் ஸ்டீயரிங் உதறுகிறது.

டயர்களும் வெடிப்பு விட்டுவிட்டதால் ஐந்தையும் மாற்றப்போகிறேன். பழைய ராணுவ டிசைனான என்டிடி (திசை பார்க்காமல் மாட்டும் டயர்) போடுவதா, நவீன வகையான ரேடியல் போடுவதா, இதே 7.00 அளவைத் தொடர்வதா? பெரும்பாலும் தார்ச்சாலைதான், எப்போதாவது மண் பாதை.

இன்னொன்று. பஞ்சர் பார்க்கக் கொடுத்தபோது கடைக்காரர் சக்கரத்தைக் கழற்ற வெளிவட்ட நட்டுகளில் ஸ்பேனரைப் போட்டார். எனக்கு ஏதோ சரியாகப் படவில்லை, நிறுத்தச் சொல்லிவிட்டேன். அது சரிதானா?

லிவர் எழுதியது:

உரசல், உதறல் எல்லாம் அப்புறம். கடைசியில் கேட்டீர்களே, அதுதான் முதலில்.

காம்பேட் ரிம்மில் நட்டுகள் இரண்டு வட்டமாக இருக்கும். நடுவில் இருக்கும் ஐந்தும் வீல் நட்டுகள், சக்கரத்தை ஹப்பில் பிடித்திருப்பவை. விளிம்பை ஒட்டி இருப்பவை ரிம்மின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்திருப்பவை. காற்று இருக்கும்போது இந்த வெளிவட்டத்தைத் தளர்த்தினால், உள்ளே இருக்கிற அழுத்தம் முழுவதும் மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு நட்டுகளின் மேல் விழும். அவை பிய்ந்ததும் வெளிப்பாதி பறந்து வரும். எதிரே குனிந்திருப்பவரின் முகத்தில்தான் அடிக்கும். நீங்கள் நிறுத்தியது நல்லதாகப் போயிற்று.

சக்கரம் வண்டியில் இருக்கும்போதே வால்வின் உள்ளூசியைக் கழற்றி எடுத்துவிடுங்கள். சும்மா அழுத்திக் காற்றை இறக்கினால் போதாது. உஸ் என்ற சத்தம் நின்ற பிறகு மெல்லிய கம்பியை வால்வுக்குள் விட்டுப் பாருங்கள், துருவோ ரப்பர் துணுக்கோ அடைத்திருந்தால் சத்தம் நின்றாலும் உள்ளே காற்று இருக்கும். அதற்கப்புறம் நடுவட்டத்தைக் கழற்றிச் சக்கரத்தை இறக்கி, தரையில் படுக்கப்போட்டு, பிறகுதான் வெளிவட்டம்.

பழைய பிரிட்டிஷ் ராணுவ வண்டிகளில் இந்த ரிம் நட்டுகளுக்கு மட்டும் சிவப்பு பெயின்ட் அடித்திருப்பார்கள். அமெரிக்க ஜீப்புக்கு அது பொருந்தாது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், அடித்து வையுங்கள். கடையில் நீங்கள் பக்கத்தில் இல்லாத நாளில் அந்தச் சிவப்புதான் காப்பாற்றும்.

பச்சைஜீப் எழுதியது:

மிக்க நன்றி சார். காற்று இருக்கும்போது வெளிவட்டத்தில் யாரையும் கை வைக்க விடமாட்டேன். வேறு ஒரு சந்தேகம்: வலப்பக்கச் சக்கரங்கள் எளிதாகக் கழன்றன. இடப்பக்கம் வீல் நட்டுகள் நகரவே மறுக்கின்றன. நீளமான குழாய் மாட்டி மிதிக்கலாமா?

துருப்பிடித்தவன் எழுதியது:

ஐயோ, மிதிக்காதீர்கள்! எம்பி-யில் இடப்பக்கம் எதிர்மரை. வலப்பக்கம் எந்தத் திசையில் இறுக்குகிறீர்களோ அந்தத் திசையில் திருப்பினால்தான் இடப்பக்கம் கழலும். இப்போது நீங்கள் இறுக்கிக்கொண்டு இருக்கிறீர்கள். இன்னும் ஒரு மிதி மிதித்தால் ஸ்டட் ஒடிந்து கையோடு வரும்.

துரு எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள், மறுநாள் கடிகார முள் போகும் திசையில் மெதுவாக முயலுங்கள். எப்போதோ யாராவது ஹப்பை மாற்றிப் போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட்டின் மரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

நாலுக்குநாலு எழுதியது:

அளவு விஷயத்துக்கு வருகிறேன்.

எம்பி-க்கும், அதே ஜீப்பை ஃபோர்டு செய்த ஜிபிடபிள்யூ-வுக்கும் தொழிற்சாலையில் போட்டது 6.00-16, 6 பிளை. முதலில் ஒரே துண்டான ரிம், 1942-இலிருந்து காம்பேட் ரிம். 7.00-16 பிற்பாடு வந்த எம்38 ராணுவ ஜீப் காலத்து அளவு. அந்த வண்டியிலும் 4.50 ரிம்தான் என்பதால், டயர் ரிம்மில் உட்காருகிறதே என்று பலர் எம்பி-யிலும் மாட்டிவிடுகிறார்கள். உட்காரும். ஆனால் 6.00-16-இன் வெளிவிட்டம் சுமார் 28-29 அங்குலம், 7.00-16 சுமார் 30-31. அகலமும் ஒரு அங்குலம் கூடுகிறது. உங்கள் பட்டை பளபளப்பதற்கு அதுதான் காரணம்.

ஸ்டீயரிங் ஸ்டாப் போல்ட்டை வெளியே திருகி ஒடிப்பைக் குறைத்தால் உரசல் நிற்கும், வண்டி திரும்ப இன்னும் அதிக இடம் கேட்கும். எனக்கு அந்த வைத்தியம் பிடிக்காது. 7.00 போட்டதில் வேறு விளைவுகளும் உண்டு. ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும்: முள் 60 காட்டினால் உண்மையில் 64-ஐ ஒட்டிப் போய்க்கொண்டிருப்பீர்கள். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் நிறுத்தும் இடத்தில் தோள் வலிக்கும். மேட்டில் கியரை ஒரு படி முன்னதாகவே இறக்க வேண்டியிருக்கும். பதிலுக்கு நெடுஞ்சாலையில் இன்ஜின் கொஞ்சம் நிதானமாகச் சுற்றும், அது உண்மை. எம்பி-யின் ஆக்ஸில் விகிதம் 4.88, அதனால் இந்தச் சலுகைக்கு ஆசைப்படுபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். உங்கள் வண்டிக்கு என் வாக்கு 6.00-16.

எதை வாங்கினாலும் நான்கும் ஒரே அளவு, ஒரே டிசைன், ஒரே தேய்மானமாக இருக்கட்டும். இதில் முன், பின் ஆக்ஸில்களின் வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. முன்னால் புதுசும் பின்னால் தேய்ந்ததும் இருந்து, முன் ஆக்ஸிலைச் சேர்த்துத் தார்ச்சாலையில் ஓட்டினால் டிரான்ஸ்பர் கேஸ் (இரண்டு ஆக்ஸிலுக்கும் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) முறுக்கிக்கொள்ளும், லிவரை எடுக்கவே வராது.

ஆறுசக்கரம் எழுதியது:

என்னிடம் இருப்பது ஜிஎம்சி சிசிகேடபிள்யூ ராணுவ லாரி. 7.50-20 அளவு, பின்னால் இரட்டைச் சக்கரம். அங்கே அளவுப் பொருத்தம் இன்னும் கறார். ஜோடியில் ஒன்று உயரமாக இருந்தால் பாரம் முழுவதையும் அதுவே சுமந்து சூடேறிச் சாகும், மற்றது சும்மா உராய்ந்து தேயும். ஜீப்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

பாரம்பரியம் எழுதியது:

1944 வண்டிக்கு என்டிடி தவிர வேறு எதையும் யோசிக்கவே கூடாது என்பது என் கருத்து. அந்தப் பட்டை பட்டையான டிசைன் இல்லாவிட்டால் வண்டி வேஷம் கலைந்த மாதிரி இருக்கும். பின்வாங்கும்போது தடத்தைப் பார்த்து எந்தத் திசையில் போனார்கள் என்று எதிரி கண்டுபிடிக்கக் கூடாது என்றே அப்படிச் செய்ததாகச் சொல்வார்கள்.

லிவர் எழுதியது:

அந்தத் தடக்கதை கேட்க நன்றாக இருக்கிறது. எப்படி இருந்தாலும் நடைமுறைப் பயன் ஒன்று உண்டு: முன்னே போனாலும் பின்னே வந்தாலும் ஒரே பிடிப்பு, எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் மாட்டலாம், ஸ்டெப்னியைத் திசை பார்க்காமல் போடலாம். போர்க்களத்தில் அது பெரிய விஷயம்.

தார்ச்சாலையில் அதே டிசைன் சுமார்தான். டயரின் மேல் இருக்கும் ரப்பர் கட்டைகளுக்கு நடுவே இடைவெளி பெரிது, தரையைத் தொடும் ரப்பர் குறைவு. மழை ஈரத்தில் பிரேக் அடித்தால் மனசுக்குள் எல்லாத் தெய்வங்களும் வந்துபோகும். வேகம் கூடக் கூட ரீங்காரமும் கூடும். கட்டைகள் ஒரு ஓரம் தேய்ந்து ரம்பம் போல ஆவதும் உண்டு. வரட்டும், அழகுக்காகத் தாங்கிக்கொள்வேன் என்றால் என்டிடி போடுங்கள், நானும் அதில்தான் ஓட்டுகிறேன். மழையிலும் தினசரியும் ஓட்டுவதாக இருந்தால் அதே 6.00-16-இல் சாலை டிசைன் வாங்குங்கள்.

ரேடியல் பற்றி: பிடிப்பும் ஓட்டமும் சந்தேகமில்லாமல் மேல். ஆனால் நவீன அளவுகள் உங்கள் ரிம்முக்கு அகலம். உதாரணமாக 215/85 ஆர் 16, விட்டத்தில் 30.4 அங்குலம், 7.00-16-க்கு நெருக்கமானது. அது 5.5 அங்குல ரிம்மிலிருந்து மேலே போடவேண்டியது, 4.50-இல் திணிக்கக் கூடாது. காம்பேட் ரிம்மும் ரேடியலை மனதில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. ரேடியல்தான் வேண்டுமென்றால் ஒரே துண்டு ரிம் தனியாக ஐந்து வாங்கி, அந்த ரிம்முக்குப் பொருந்தும் அளவில் டயரும் ரேடியலுக்கு உரிய ட்யூபும் போட்டு ஓட்டுங்கள். கண்காட்சிக்குக் காம்பேட் ரிம்மை மாட்டிக்கொள்ளலாம். ஒரு ஆக்ஸிலில் ரேடியல், இன்னொன்றில் பழைய வகை என்று மட்டும் கலக்காதீர்கள்.

துருப்பிடித்தவன் எழுதியது:

ட்யூபைப் பற்றி யாரும் பேசவில்லையே. கிழிசல் எந்தப் பக்கம்? தரைப் பக்கமா, ரிம் பக்கமா? புள்ளியா, கோடா? ட்யூபில் என்ன அளவு அச்சிட்டிருக்கிறது? வால்வு ரிம் துளையில் நேராக நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா? ரிம்மைப் பிரித்தபோது உள்ளே ஃபிளாப் (ட்யூபுக்கும் ரிம்முக்கும் நடுவே போடும் ரப்பர் பட்டை) இருந்ததா?

பச்சைஜீப் எழுதியது:

எதிர்மரை நட்டுகள் மறுநாளே கழன்றன, நன்றி. ஊசியை எடுத்து, கம்பி விட்டுப் பார்த்து, ரிம்மைப் பிரித்தேன். கிழிசல் ரிம் பக்கம்தான். புள்ளி இல்லை, விரல் நீளத்துக்கு ஒரு கோடு, இரண்டு பாதிகளும் சேரும் இடத்துக்கு நேராக. அந்த விளிம்பில் துரு தின்று சின்னச் சின்னக் குழிகள், விரலை ஓட்டினால் ரம்பம் மாதிரி இருக்கிறது. ஃபிளாப் எதுவும் இல்லை. ட்யூபில் 7.50-16 என்று இருக்கிறது. வால்வு கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது.

துருப்பிடித்தவன் எழுதியது:

அப்படியென்றால் உங்கள் கேள்விக்கு நீங்களே பதில் எழுதிவிட்டீர்கள். மூன்று காரணம் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. ட்யூப் டயரைவிடப் பெரிது, அதனால் உள்ளே மடிப்பு விழும், மடிப்பு உரசிக் கிழியும். ஃபிளாப் இல்லாததால் ட்யூப் நேராக அந்த இணைப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இணைப்போ ரம்பம். வால்வு சாய்ந்திருப்பது காற்றுக் குறைவாக ஓடியதில் டயர் ரிம்மின் மேல் நகர்ந்து ட்யூபையும் இழுத்திருக்கிறது என்பதற்கு அடையாளம்.

துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்து, விளிம்பை எமரித் தாளால் மழுங்கத் தேய்த்து, பிரைமர் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். பெயின்ட் தடிமனாக வேண்டாம், முக்கியமாக நட்டு உட்காரும் இடங்களில். தடிமனான பெயின்ட் பிறகு நசுங்கும், நட்டு தளரும். துரு தின்று தகடே மெலிந்திருந்தாலோ, ஸ்டட் துளையைச் சுற்றி விரிசல் இருந்தாலோ அந்த ரிம்மைத் தூக்கிப் போடுங்கள், வெல்டிங் வைக்கவே கூடாது. வேறு ரிம்மின் பாதியை எடுத்து இதோடு ஜோடி சேர்ப்பதும் வேண்டாம்.

6.00-16 ட்யூப், இந்த ரிம்முக்கு ஏற்ற ஃபிளாப், இரண்டும் புதிதாக. டயருக்குள் ஒட்டியிருக்கும் காகித லேபிளைச் சுரண்டி எடுங்கள், அதன் ஓரமே ட்யூபை அறுக்கும். டால்க் பவுடரைத் தூவித் தடவுங்கள், கொட்டி நிரப்ப வேண்டாம். ட்யூபில் லேசாகக் காற்று விட்டு உருண்டை வடிவம் வந்ததும் மாட்டுங்கள்.

லிவர் எழுதியது:

காற்றடிப்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளிவட்ட நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, இரண்டு பாதிகளும் சுற்றிலும் இடைவெளி இல்லாமல் இரும்போடு இரும்பு சேர்ந்த பிறகுதான் காற்று. ஓரிடத்தில் இடைவெளி தெரிந்தால் ட்யூபோ ஃபிளாப்போ நடுவில் சிக்கியிருக்கிறது, பிரியுங்கள். காற்று ஏறிய பிறகு இறுக்கிச் சரிசெய்யலாம் என்பது தற்கொலை.

சக்கரம் இரும்புக் கூண்டுக்குள் இருக்கட்டும். லாரி போன்ற பெரிய வண்டிகளின் பல துண்டு ரிம்களுக்கு இது கட்டாயம் என்று அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதி 1910.177 சொல்கிறது. கையால் பிடிக்காமல் தானே கவ்வி நிற்கும் முனையும் நீளமான குழாயும் வைத்துக்கொண்டு, ரிம்முக்கு நேர் எதிரே நிற்காமல் காற்றடியுங்கள். ஒருமுறை நிரப்பி, முழுவதும் இறக்கி, மறுபடி நிரப்பினால் ட்யூபில் இருக்கும் மடிப்பு விரியும். கையேட்டு அளவு 35 பவுண்டு.

நிரப்பியதும் டயரின் பக்கவாட்டில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோட்டைப் பாருங்கள். ரிம் விளிம்புக்கும் அதற்கும் உள்ள தூரம் சுற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு ரிம்முக்குள் முங்கினால் டயர் சரியாக உட்காரவில்லை. உங்கள் உதறலில் பாதி அங்கே இருக்கலாம்.

நாலுக்குநாலு எழுதியது:

மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க உதறலின் குணத்தைக் கவனியுங்கள். கிளம்பியதும் தடதடத்து, டயர் சூடேறியதும் அடங்கினால் நின்ற இடத்தில் தட்டையான டயர். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து போனால் பேலன்ஸ் அல்லது ரிம் கோணல். குழியில் விழுந்ததும் தொடங்கி, வேகத்தைக் குறைக்கும்வரை நிற்காவிட்டால் டயர் பாவம், அதன் மேல் பழி போடாதீர்கள். கிங்பின் பேரிங், டை ராடு முனைகள், பெல்கிராங்க் என்று ஸ்டீயரிங் இணைப்புகளை வரிசையாகப் பாருங்கள்.

வாங்கும்போது தேதியையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் இருக்கும் டாட் (DOT) குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் 2000-க்கு முந்தையது, கட்டை எவ்வளவு உயரமாக இருந்தாலும் காசு கொடுக்காதீர்கள்.

பச்சைஜீப் எழுதியது:

6.00-16 என்டிடி ஐந்து வாங்கி, ஃபிளாப்போடு மாட்டியாகிவிட்டது. ஒரு ரிம்மில் ஸ்டட் துளையருகே முடி போல ஒரு விரிசல் தெரிந்தது, அதை ஒதுக்கிவிட்டு வேறு முழு ரிம் தேடிப் போட்டேன். உரசல் சுத்தமாக இல்லை. ஸ்டீயரிங்கும் லேசாகிவிட்டது. ட்யூப் காற்று இறங்காமல் நிற்கிறது. 50-இல் வந்த உதறல் போய்விட்டது, ஆனால் குழியில் விழுந்தால் மட்டும் இன்னும் ஒரு ஆட்டம் வருகிறது.

நாலுக்குநாலு எழுதியது:

பெல்கிராங்க்கில் தொடங்குங்கள். சக்கரங்கள் தரையில் இருக்கட்டும். ஒருவர் ஸ்டீயரிங்கை இருபக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டட்டும், நீங்கள் கீழே படுத்து அதன் பின்னைப் பாருங்கள். பெல்கிராங்க்கின் கை திரும்புவதற்கு முன்பே அந்தப் பின் மேலும் கீழும் சாய்ந்தால் புஷ்ஷோ பேரிங்கோ தேய்ந்துவிட்டது. அது இறுக்கமாக இருந்தால் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், வீல் பேரிங்கும் கிங்பின்னும் தெரிந்துவிடும்.

துருப்பிடித்தவன் எழுதியது:

கீழே படுப்பதற்கு முன் வீல் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். புது பெயின்ட் மேல் மாட்டியது கொஞ்ச தூரம் ஓடியதும் தளரும். நடுவட்டம் மட்டும், இடப்பக்கம் எதிர்த் திசையில்.