குழந்தைப் பருவத்தில் குடல் அறுவை: வளர்ந்தபின் நிலை என்ன?

கேள்வி – சாட்ஸ்வொர்த் தாய், டர்பன், தென்னாப்பிரிக்கா

வணக்கம். பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாத ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயுடன் பிறந்த என் மகனுக்கு, கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பகுதியை நீக்கி, நல்ல குடலைக் கீழே இழுத்து ஆசனவாயுடன் இணைத்தார்கள். இப்போது வயது 8. வளர்ச்சியில் குறையில்லை, ஆனால் மலக்கசிவு நிற்கவில்லை. பள்ளிப் பையில் மாற்றுக் காற்சட்டை வைத்துத்தான் அனுப்புகிறேன். சோம்பேறித்தனம், அதட்டினால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். பெரியவனான பிறகும் இது தொடருமா?

பதில் – ஓய்வுபெற்ற செவிலியர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அம்மா, அதட்ட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். பல பிள்ளைகளுக்குக் கசிவதே தெரியாது. மலம் உள்ளே தேங்கி இறுக, இளகியது அதன் ஓரமாக வழிவது ஒரு வகை. குடல் வேகமாக இயங்கி, மலம் தங்காமல் வெளியேறுவது இன்னொரு வகை. முன்னதற்கு மலமிளக்கியும் எனிமாவும், பின்னதற்குக் குடலின் வேகத்தைக் குறைக்கும் லோபரமைடு போன்ற மருந்தும் தேவைப்படும் என்பதால், மாற்றிக் கொடுத்தால் நிலைமை மோசமாகும். உள்ளாடையைப் பார்த்து வேறுபாடு சொல்ல முடியாது. குழந்தை அறுவை மருத்துவரிடம் வயிற்று எக்ஸ்ரே பற்றிக் கேளுங்கள். வயிறு உப்பி, காய்ச்சலும் துர்நாற்றப் பேதியும் வந்தால் அது குடல் அழற்சியாக இருக்கலாம்; அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பதில் – ஃபீனிக்ஸ்வாசி, டர்பன்

சகோதரி, எனக்கும் இதே நோய்தான். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன். பதின்பருவத்தில் கசிவு வெகுவாகக் குறைந்தது. பலருக்கும் அப்படித்தான் என்று மருத்துவர் சொன்னார். வேலை, திருமணம், பிள்ளைகள் எதற்கும் தடையில்லை. ஆனாலும் கல்யாண வீட்டில் பருப்புப் போட்ட பிரியாணி சாப்பிட்டால், மறுநாள் நெடும்பயணம் வைத்துக்கொள்ள மாட்டேன்.

அறுவைக் குறிப்பின் நகலைக் கட்டாயம் வாங்கி வையுங்கள். ஸ்வென்சன் என்ற அறுவை மருத்துவர் 1948இல் தொடங்கிய முறை, 1956இல் வந்த டுஹாமெல் முறை, பிறகு வந்த சோவே முறை என ஒவ்வொன்றின் பின்விளைவும் சற்று வேறுபடும். எனக்குச் செய்த டுஹாமெல் முறையில் பழைய மலக்குடலின் ஒரு பகுதி உள்ளேயே இருப்பதால், அங்கே மலம் தேங்கலாம். மலச்சிக்கலுக்காகப் பெரியவர்களுக்கான மருத்துவரிடம் போனபோது, என் தாயார் பத்திரப்படுத்தியிருந்த தாள்தான் அவருக்கு வழிகாட்டியது.

பதில் – ஓய்வுபெற்ற செவிலியர்

அந்தத் தாளில், நீக்கிய குடலின் நீளத்தையும் பாருங்கள். பெருங்குடல் முழுவதையும் இழந்த பிள்ளைக்கு டர்பனின் ஜனவரிக் கோடை வெயிலில் நீரும் உப்பும் விரைவில் குறையும். சிறுகுடலின் கடைசிப் பகுதியும் நீக்கப்பட்டிருந்தால், வைட்டமின் பி12 அளவை ஆண்டுதோறும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.