பின்சீட்டில் சௌகரியமாம்! முன்சீட் எத்தனையாவது ஓட்டையில் இருந்தது?

முழங்கால்:
நேற்று பக்கத்து இழையில், செஸ்னா 172 என்ற நான்கு சீட் குட்டி விமானத்தைப் பற்றி உயர்சிறகு எழுதியது இது: "செஸ்னா 172-ன் பின்சீட்டில் ஆறடி ஆள் மூன்று மணி நேரம் சௌகரியமாக உட்காரலாம். இடமில்லை என்பவர்கள் ஏறியே பார்க்காதவர்கள்." அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறேன். நாளைக்கு மாற்றி எழுதிவிட்டு, நான் எங்கே சொன்னேன் என்று கேட்கக் கூடாது பாருங்கள்.

நான் ஐந்தடி பதினொன்று. ஓட்டுபவர் என் மைத்துனர், ஆறடி மூன்று. பதினொரு வருஷமாக அவருக்குப் பின்னால்தான் உட்கார்ந்து போகிறேன். அவர் ஏறி, சீட்டைப் பின்னால் தள்ளி, சீட்டை நிறுத்தும் பூட்டு ஊசி ('லாக் பின்') தரை ரெயிலில் வரிசையாக இருக்கும் ஓட்டைகளில் ஒன்றில் 'டக்' என்று விழும்போது என் இரண்டு முழங்காலும் சீட் முதுகில் போய் முட்டும். அதற்கு மேல் என் கால்கள் எனக்குச் சொந்தமில்லை. இறங்கும்போது பக்கவாட்டில்தான் இறங்குவேன், நண்டு மாதிரி. ஒரே கேள்வி: நீங்கள் பின்னால் உட்கார்ந்தபோது முன்சீட் எத்தனையாவது ஓட்டையில் இருந்தது?

உயர்சிறகு:
குறை விமானத்தில் இல்லை ஐயா, உங்கள் மைத்துனரிடம் இருக்கிறது. 172 விற்பனைக்கு வந்தது 1956-ல். இதுவரை 40,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள். அதில் போனவர்கள் யாருக்கும் முழங்கால் இல்லையா?

முழங்கால்:
எத்தனை விமானம் என்று கேட்கவில்லை. எத்தனையாவது ஓட்டை என்று கேட்டேன்.

புதுப்பறவை:
மன்னிக்கவும், பயிற்சியில் இருப்பவன். கால் இடம் என்று நாம் எதைச் சொல்கிறோம்? முழங்காலுக்கும் முன்சீட் முதுகுக்கும் இடையில் இருப்பதா, இடுப்பிலிருந்து பாதம் வரையா? அதை முதலில் முடிவு செய்துகொண்டால் இரண்டு பேர் சொல்வதும்...

தாழ்சிறகு:
தம்பி, அதெல்லாம் அப்புறம். இந்தச் சண்டையை 1973-லேயே பைப்பர் கம்பெனி தீர்த்துவிட்டது. இறக்கை கீழே இருக்கும் அவர்களுடைய செரோகி விமானத்தின் உடலை 5 அங்குலம் நீட்டினார்கள், பின்சீட்காரன் காலுக்காக. 5 அங்குலம்! செஸ்னா என்ன செய்தது? பின்னால் ஒரு ஜன்னல் வைத்தது. காலை மடக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க.

உயர்சிறகு:
நீட்ட வேண்டி வந்தது என்றால் அதுவரை இடமே இல்லை என்றுதானே அர்த்தம்? செரோகி 140 இரண்டு பேருக்கான பயிற்சி விமானமாகத்தான் வந்தது. பின்சீட் கேட்டால்தான் கிடைக்கும். கதவும் ஒன்றே ஒன்று, வலப்பக்கம். பின்னால் போகிறவர் முதலில், பைலட் அடுத்து, பக்கத்து சீட்காரர் கடைசியில். வயதான ஒருவரை இறக்கை மேல் ஏற்றி, குனியவைத்து, உள்ளே திணித்துப் பாருங்கள். அப்புறம் அங்குலம் பேசலாம்.

தாழ்சிறகு:
என் அம்மா எழுபத்தெட்டு வயதில் ஏறுகிறார். உங்களுக்கு முடியவில்லை என்றால் சொல்லுங்கள், ஸ்டூல் கொண்டு வருகிறேன். 5 அங்குலம்.

மூனிப்பித்தன்:
5 அங்குலத்துக்கா இந்தக் குதி? மூனி கம்பெனியின் எம்20எஃப் விமானம் வந்தபோது 10 அங்குலம் நீட்டினார்கள். 1989-ல் எம்20எம் அதைவிடவும் நீளம். மூனி நெருக்கடி என்பது உட்காராதவர்கள் கட்டிவிட்ட கதை.

தாழ்சிறகு:
மூனியில் உட்காருவதா, படுப்பதா? தரையிலேயே சீட், கால் நேராக முன்னால். அதற்குள் போவதற்கே யோகா தெரிந்திருக்க வேண்டும்.

மூனிப்பித்தன்:
நீங்கள் யோகாவோடு வந்து சேர்வதற்குள் நான் போய், சாப்பிட்டு, தூங்கியும் எழுந்திருப்பேன். பாதி நேரத்தில் போய்ச் சேருகிறவனுக்குப் பாதி இடம் போதும்.

முழங்கால்:
ஆக, பாதி இடம்தான் என்று ஒத்துக்கொள்கிறீர்கள். நன்றி. உயர்சிறகு இன்னும் பதில் சொல்லவில்லை. எத்தனையாவது ஓட்டை?

தராசு:
வாய்ச்சண்டை எதற்கு? 172-ன் கையேட்டில் எடை-சமநிலைப் பக்கத்தைத் திறங்கள். எஞ்சின் பின்சுவரிலிருந்து அளந்தால் பின்சீட்காரர் 73 அங்குலத்தில் இருக்கிறார். அந்த எண் அசையாது. முன்சீட்காரருக்கு வழக்கமாக 37 போடுகிறோம், ஆனால் பக்கத்திலேயே எல்லையும் கொடுத்திருக்கிறார்கள்: 34 முதல் 46 வரை. அதாவது முன்னவருக்கும் பின்னவருக்கும் நடுவில் 39 அங்குலமும் இருக்கலாம், 27 அங்குலமும் இருக்கலாம். 12 அங்குல வித்தியாசம்.

உயர்சிறகு:
பார்த்தீர்களா? 39 அங்குலம்! கையேடே சொல்கிறது.

முழங்கால்:
பார்த்தீர்களா? 27! கையேடே சொல்கிறது.

தராசு:
இரண்டையும் சொல்கிறது. அதைவிட முக்கியம் ஒன்று. 172-ன் ஒரு ரகமான 172எஸ் தரையை விட்டுக் கிளம்பலாம் என்ற உச்ச எடை 1157 கிலோ. காலி எடை வண்டிக்கு வண்டி மாறும், 760 என்று வையுங்கள். முழு டேங்க் பெட்ரோல் 144 கிலோ. மிச்சம் 253. எண்பது கிலோ ஆட்கள் மூன்று பேர், ஒரு சின்னப் பை. நான்காவது ஆள் ஏறினால் பெட்ரோலைக் குறைக்க வேண்டும், குறைத்தால் மூன்று மணி நேரம் சந்தேகம். முழங்கால், உங்கள் எடை எவ்வளவு?

முழங்கால்:
என் எடை எதற்கு? இது கால் பற்றிய இழை.

தராசு:
ஆறடி மூன்று மைத்துனர், ஐந்தடி பதினொன்று நீங்கள். கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறீர்களா என்று கேட்டேன்.

முழங்கால்:
போன வருஷம் எனக்கு ஒரு ஹெட்செட் விற்றீர்களே, இடது காது மட்டும் கேட்கும், அதை எனக்கு அனுப்பும் முன் எதைக் கூட்டிப் பார்த்தீர்கள்?

தராசு:
அது உங்களிடம் வரும்போது நன்றாக இருந்தது. பின்சீட் பிளக்கில் பிடித்து இழுத்திருப்பீர்கள்.

முழங்கால்:
ஏன் இழுக்கிறேன்? திரும்பி உட்கார இடமில்லை, அதனால் இழுக்கிறேன்! இப்போதாவது புரிகிறதா?

உயர்சிறகு:
சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளுவதே தப்பு. தள்ளியபின் லாக் ஆனதா என்று ஆட்டிப் பார்க்கிறாரா உங்கள் மைத்துனர்? ரெயில் ஓட்டை தேய்ந்து, பூட்டு ஊசி சரியாக விழாமல், மேலேறும்போது சீட் பின்னால் வழுக்கிப் போய், பைலட் பிடிமானத்துக்கு ஸ்டியரிங்கை இழுத்து, மூக்கு தூக்கி விழுந்த விபத்துகள் உண்டு. 1987-லேயே அமெரிக்க விமானத்துறை அந்த ரெயில்களைச் சோதிக்கச் சொல்லிக் கட்டாய உத்தரவு போட்டது, 2011-ல் அதைப் புதுப்பித்தது. ஓட்டை ஓட்டை என்கிறீர்களே, அந்த ஓட்டையை ஒரு நாளாவது டார்ச் அடித்துப் பார்த்தீர்களா?

முழங்கால்:
என்னைக் கேலி செய்வதாக நினைத்து என் கட்சிக்கே பேசுகிறீர்கள். அந்த சீட் வழுக்கினால் முதலில் தாங்குவது எது? என் முழங்கால்.

மூனிப்பித்தன்:
இதை ரசித்தேன்.

புதுப்பறவை:
மறுபடி குறுக்கிடுகிறேன். நான் கற்றுக்கொள்ளும் டயமண்ட் டிஏ40-ல் முன்சீட் நகரவே நகராது. கால் நீளத்துக்கு ஏற்றபடி பெடலைத்தான் நகர்த்த வேண்டும். அதனால் யார் ஓட்டினாலும் பின்னால் அதே இடம்தான். பின்சீட்காரருக்குத் தனிக் கதவும் உண்டு. அப்படியென்றால் இந்தக் கேள்வியே...

தாழ்சிறகு:
தம்பி, சொன்னேனே, அப்புறம்.

முழங்கால்:
ஓட்டையே இல்லாத விமானத்தை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? தனி இழை தொடங்குங்கள்.

செஸ்னாவுக்கும் இது தெரியாமல் இல்லை. 1968-ல் கார்டினல் என்று இன்னொரு விமானம் கொண்டு வந்தார்கள். இறக்கையைத் தாங்கும் கம்பி கிடையாது, அகலக் கதவு, பின்னால் மனுஷன் காலை நீட்டலாம். ஒரே ஒரு முறை ஏறினேன், இறங்கவே மனசில்லை. 1978-ல் நிறுத்திவிட்டார்கள். 172 மட்டும் இன்னும் வருகிறது. ஏன்? பணம் கொடுத்து வாங்குகிறவன் முன்னால் உட்காருகிறான். பின்சீட்காரனிடம் யாரும் கேட்பதில்லை. வெயிலில் காற்று பின்னால் வராது, குளிரில் சூடு பின்னால் வராது, வாந்தி வந்தால் பை மட்டும் உடனே வரும்.

உயர்சிறகு:
கார்டினல் பற்றி அழுதது போதும். இன்று காலை போய் அளந்துவிட்டு வந்தேன். படம் போட்டிருக்கிறேன், டேப்போடு. என் முழங்காலுக்கு முன்னால் நான்கு விரல் இடம் தெரிகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

முழங்கால்:
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்சீட்டில் ஆளே இல்லை.

உயர்சிறகு:
என் மனைவி உட்கார்ந்திருந்தார். படம் எடுக்க இறங்கினார்.

முழங்கால்:
அவர் உயரம்?

உயர்சிறகு:
அது உங்களுக்கு எதற்கு?

தராசு:
ஐந்தடி இரண்டு. போன மாதம் எடை-சமநிலை இழையில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

தாழ்சிறகு:
ஹா ஹா. 5 அங்குலம்.

உயர்சிறகு:
சரி, பிடிவாதக்காரர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன். எத்தனையாவது ஓட்டை என்று விரல் வைத்து எண்ணிச் சொல்கிறேன். அப்போதாவது வாயை மூடுவீர்களா?

முழங்கால்:
முன்னாலிருந்து எண்ணுவீர்களா, பின்னாலிருந்தா?