பிராக்ஸி: 'பதிலி' வேண்டாம், 'தடயம்' என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

மலை ஏரி வண்டல் கட்டுரையில் 'பிராக்ஸி' (proxy) என்று வருவது, நேரடியாக அளக்க முடியாத பழைய மழையையும் வெப்பத்தையும் மறைமுகமாகக் காட்டும் பொருள். அதற்குத் தமிழில் டெல்லி அண்ணா தந்த 'பதிலி', சென்னை ஐயாவின் 'பகரி', கோவை அம்மா எழுதிய 'மறைமுகச் சான்று' மூன்றையும் அந்தக் கட்டுரையின் வாக்கியங்களில் போட்டுப் படித்துப் பார்த்தேன். என் தேர்வு 'தடயம்'. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கட்டுரையில் அதிகம் வரும் சொல் இதுதான். இது பிசகினால் படிப்பவருக்கு மொத்த ஆய்வும் பிசகாகத்தான் புரியும்.

சென்னையில் 1813 முதல் மழையளவுக் கணக்கு இருக்கிறது. நாட்டின் பெரும்பகுதிக்கு அதுவும் கிடையாது. வானிலைத் துறை தொடங்கியதே 1875இல். அதற்கு முந்தைய பருவமழையைத் தெரிந்துகொள்ள மலை ஏரியின் அடிமண்ணைத்தான் கேட்க வேண்டும். பெருமழையில் சரிவு அரித்து, மண் ஏரிக்குள் இறங்கும். அந்த அடுக்கில் பருமணலும் டைட்டானியமும் கூடும். சுற்றுவட்டாரச் செடிகொடிகளின் மகரந்தமும் அதே சேற்றில் புதையும்.

ஏரியடியில் குழாயைச் செருகி எடுத்து, நீளவாக்கில் பிளந்ததும் கருஞ்சாம்பல், வெளிர்மஞ்சள், பழுப்பு என்று வரிகள் பளிச்சென்று தெரியும். காற்றுப் பட்டால் நிறம் மங்கத் தொடங்கிவிடும் என்பதால் முதல் வேலை படம் எடுப்பது. பிறகு ஒரு பாதியை உறையிட்டுக் குளிரறையில் வைத்துவிட்டு, மறுபாதியை மெல்லிய வில்லைகளாகச் சீவுவார்கள். ஒவ்வொரு வில்லையிலும் அவர்கள் அளப்பது, பெய்துபோன மழை விட்டுச்சென்றதை.

இப்போது 'பதிலி'யைப் பாருங்கள். வராத ஒருவரின் வேலையை அவர் இடத்தில் நின்று செய்பவர்தான் பதிலி. கணினியில் பிராக்ஸி சர்வருக்கு அது கச்சிதமாகப் பொருந்தும், அங்கே அப்படியே இருக்கட்டும். சேற்றில் கிடக்கும் மகரந்தம் மழையின் வேலை எதையும் செய்யவில்லையே, அண்ணா! 'பகரி'யில் பகர்தல் (சொல்லுதல்), பகரம் (மாற்று) என்ற இரண்டு பொருளும் வருவது அழகு. ஆனால் பெங்களூரு அல்சூரில் எங்கள் ஞாயிறு வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் சொன்னால், ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்லித்தான் நகர வேண்டியிருக்கும்.

'சான்று' பற்றித்தான் எனக்குப் பெரிய தயக்கம். சான்று என்றதும் விஷயம் நிரூபணமாகிவிட்டது என்று தோன்றிவிடுகிறது. நீலகிரியையே எடுத்துக்கொள்வோம். இங்கே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏரி இல்லை, மலைச் சதுப்பு. ஆனால் வழிமுறை இதற்கு உறவுதான். ஊட்டி அருகே சாண்டிநல்லாவில், முழுதும் மட்காமல் கறுத்துக் கிடக்கும் செடிப்பொருளில் கார்பன்-13 (கார்பனின் சற்றுக் கனமான வகை) எவ்வளவு என்று பார்த்தார்கள். ஒளிச்சேர்க்கை முறையை வைத்துச் செடிகளைச் சி3, சி4 என்று பிரிப்பார்கள். கேழ்வரகு, சோளம் போன்ற சி4 வகைப் புற்களில் கார்பன்-13 சற்றுக் கூடுதல். மரங்களிலும் நெல் போன்ற சி3 வகைகளிலும் குறைவு. வறட்சியைச் சி4 புற்கள் நன்றாகத் தாங்கும். ஆகவே கார்பன்-13 ஏறிய அடுக்கு வறண்ட காலம், இறங்கிய அடுக்கு ஈரக் காலம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், நீலகிரி வறண்டு கிடந்தது என்ற முடிவுக்கு வந்தது இப்படித்தான்.

சரி, இதில் என்ன சிக்கல்? அந்தப் பனியுகத்தில் காற்றில் கரியமில வாயுவும் குறைவு. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்கு இருந்தது, அப்போது 190 பங்கு அளவில்தான் இருந்தது. கரியமில வாயு குறைந்தாலும் சி4 புற்களுக்குத்தான் சாதகம். ஆக, புல் பெருகியதில் மழைக் குறைவின் பங்கு எவ்வளவு, கரியமில வாயுக் குறைவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

லடாக்கின் சோ மோரிரியிலும் இதே கதை. 4,500 மீட்டருக்கு மேல் உள்ள அந்த ஏரிக்கு வெளியேறும் வழி இல்லை. வறண்ட காலத்தில் நீர் ஆவியாகும்போது லேசான ஆக்சிஜன்-16 முந்திக்கொண்டு போக, கனமான ஆக்சிஜன்-18 தங்கி, அங்கே படியும் சுண்ணாம்பில் பதிவாகிவிடும். ஆனால் வெயில் ஏறிப் பனி உருகி வந்தாலும் லேசான ஆக்சிஜன் கூடும்; அதைப் பார்த்து நல்ல மழைக்காலம் என்று தவறாக முடிவுகட்டிவிட நேரும்.

அதனால்தான் 'தடயம்'. தடயம் இருந்தால் யாரோ வந்துபோயிருக்கிறார்கள் என்பது உறுதி. வந்தது யார் என்பதை விசாரிக்க வேண்டும். மகரந்தம், மணல், கார்பன், ஆக்சிஜன் எல்லாவற்றையும் தனித்தனியே விசாரித்து, அவை ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதானே இந்தத் துறை! அந்த எச்சரிக்கை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, பிள்ளைகளுக்கும் உடனே பிடிபடும்.

தடயவியல் என்று காவல்துறைக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்று கோவை அம்மா கேட்பார்கள். முன்னொட்டு சேர்த்தால் குழப்பம் வராது: மழைத்தடயம், வெப்பத்தடயம், பொதுவாகச் சொல்ல வேண்டிய இடத்தில் காலநிலைத் தடயம். தடயப் பதிவு, தடய அளவீடு என்று வாக்கியத்திலும் தடையின்றி ஓடுகிறது. ஓரிடத்தில் மட்டும் இடிக்கிறது. பல தடயங்களைச் சேர்த்துப் பார்ப்பதைப் 'பல்தடய ஆய்வு' என்று எழுதினால் பல் பதிந்த தடம் என்று படித்துவிடுவார்கள். 'பலதடய ஆய்வு' என்று அகரத்தோடு எழுதிவிடலாம் என்பது என் எண்ணம். இலக்கணப்படி இதைவிட நல்ல வடிவம் இருந்தால் ஐயா சொல்லுங்கள், மாற்றிக்கொள்வோம்.

மற்ற சொற்களில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. குழாயில் வரும் மண்ணுக்கு 'வண்டல் தண்டு', பழைய மழையைக் கணக்கிட்டு எடுப்பதற்கு 'மீட்டுருவாக்கம்', இரண்டும் இருக்கட்டும். 'தொல்மழை'யும் எனக்குச் சம்மதமே.

அண்ணா, 'பதிலி'யைக் கணினிப் பட்டியலில் வைத்துக்கொண்டு இங்கே 'தடய'த்துக்குச் சம்மதிப்பீர்களா? நீங்கள் சரி என்றால் கட்டுரை முழுவதும் நானே மாற்றி அனுப்புகிறேன்.

அன்புடன்,
பெங்களூரிலிருந்து