கீழ்வரிசையில் ஒரு பல் எட்டிப் பார்க்கிறது, உங்களுக்கும் இப்படி ஆனதா?

மொட்டைமாடி:
மடியில் படுத்திருந்த பேத்தி நேற்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று விரலை நீட்டி, "பாட்டி, இந்தப் பல் மட்டும் ஏன் எட்டிப் பாக்குது?" என்றாள். கண்ணாடி முன்னால் போய் நின்றால் உண்மைதான். கீழ் முன்பற்களில் ஒன்று, வரிசையில் இடித்துக்கொண்டு முன்னால் வருகிற ஆள் மாதிரி பக்கத்துப் பல்லை மறைத்து நிற்கிறது. 30 வயதுப் போட்டோவை எடுத்துப் பார்த்தேன், நான்கும் ஒரே கோட்டில் இருக்கின்றன. இப்போது 57. ஒரு பல்கூட விழவில்லை, சொத்தையும் இல்லை, நிறம் மட்டும் கொஞ்சம் மங்கியிருப்பது தெரியும். ஆனால் இது எப்போது நகர்ந்தது? நேற்றிலிருந்து வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்கிறேன்.

கடைசிபெஞ்ச்:
ஞானப்பல் பின்னாலிருந்து தள்ளியிருக்கும். எனக்கும் அப்படித்தான் ஆனது. எடுத்துவிடுங்கள், சரியாகிவிடும்.

நீலக்குடை:
கடைசிபெஞ்ச், எதை வைத்து அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்? எனக்கு ஞானப்பல் நான்கையும் 22 வயதிலேயே எடுத்தாயிற்று, 40 தாண்டியதும் கீழே நெருக்கம் வந்துவிட்டது. ஞானப்பல் முளைக்கவே முளைக்காதவர்களுக்கும் இது வருகிறது. இதற்காக அதைப் பிடுங்கினாலும் நகர்ந்த பல் தானாகத் திரும்பிப் போகாது.

சரி, என் கதை வேறு. மேலே முன்பல் ஒன்றுக்கு ரூட் கெனால் செய்து கேப் போட்டிருந்தேன், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அப்புறம் ப்ளீச்சிங் ஆசை வந்தது. வாய்க்கு அளவெடுத்த ட்ரேயில் ஜெல் ஊற்றி இரவில் மாட்டிக்கொண்டு இரண்டு வாரம். மற்ற பல்லெல்லாம் வெளுத்தது, கேப் மட்டும் அப்படியே பழைய நிறத்தில்! மருத்துவர் பல் நிறத்தை ஒப்பிடும் ஷேட் கார்டைப் பல்லருகே பிடித்துக் கையில் கண்ணாடியைக் கொடுத்தாரே, அந்த நிமிடம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. எல்லாரும் வெள்ளைச் சட்டையில் நிற்க நடுவில் ஒருத்தர் மட்டும் பழுப்புச் சட்டை. கேப்பும் பல் நிற அடைப்பும் வெளுக்காது என்று முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நிறம் நிலைக்கட்டும் என்று இரண்டு வாரம் பொறுத்துப் புதுக் கேப் போட்டோம்.

தூக்கமில்லா:
எனக்கு நகரவில்லை, தேய்ந்துவிட்டது. மேல் முன்பற்கள் ரம்பம் போட்டு அறுத்த மாதிரி சமமாகிவிட்டன. ஓரத்தில் உடைந்ததற்கு காம்போசிட் என்ற பல் நிற அடைப்பு வைத்து அழகாகத்தான் செய்தார்கள். மூன்றே மாதத்தில் தலையணையில் அந்தத் துண்டு கிடந்தது. மறுபடி வைத்து, மறுபடி உடைந்து, அப்புறம்தான் மனைவி சொன்னார், "ராத்திரி நீங்க நறநறன்னு கடிக்கிறீங்க" என்று. இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், கனவு காண்கிறேன் என்று நினைத்தாராம். இப்போது பல்லுக்கு உறை மாதிரி நைட் கார்டு போட்டுத் தூங்குகிறேன்.

பொறுமைசாலி:
நான் எலுமிச்சைச் சாற்றில் சோடா உப்பைக் குழைத்து ஒரு மாதம் தேய்த்தவன். அதற்குப் பிறகு தண்ணீர் பட்டாலே பல் கூசும். அவ்வளவுதான் என் கதை, ஆனால் இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பல்லின் மேலடுக்கான எனாமலில் உயிரணு கிடையாது, போனது போனதுதான், திரும்ப வளராது. அதற்கு அடியில் இருக்கும் டென்டின் இயல்பிலேயே மஞ்சள். வயதாக ஆக எனாமல் மெலிகிறது, உள்ளே டென்டின் தடிக்கிறது, அதனால்தான் பல் மஞ்சளாகத் தெரிகிறதே தவிர நீங்கள் சரியாகத் தேய்க்காததால் அல்ல. கரிப்பொடி போட்டு அழுத்தித் தேய்த்தால் இன்னும் மஞ்சள்தான் தெரியும். ஈறு இறங்கியிருந்தால் வெளியே தெரிகிற வேருக்கு எனாமலே இல்லை, அங்கே ப்ளீச்சிங் பலிக்காது, கூச்சம்தான் மிஞ்சும். முதலில் க்ளீனிங் செய்யுங்கள், பாதிக் கறை அதிலேயே போய்விடும். வெனீர் என்று பல்லின் முன்பக்கம் மெல்லிய தகடு ஒட்டப் பெரும்பாலும் நல்ல பல்லைச் சீவ வேண்டியிருக்கும், பிறகு மனம் மாறினால் சீவியதை ஒட்டவைக்க முடியாது. மாத்திரை எடுப்பவர்களுக்கு வாய் வறண்டால் வேரில் சீக்கிரம் சொத்தை வரும். மென்மையான ப்ரஷ், ஃப்ளூரைடு பேஸ்ட், புளிப்பாக எதையாவது குடித்தால் அரை மணி நேரம் கழித்துத்தான்...

கடைசிபெஞ்ச்:
பொறுமைசாலி, அவர் கேட்டது பல் ஏன் நகர்ந்தது என்று. நீங்கள் பாடமே எடுத்துவிட்டீர்கள். ஞானப்பல் விஷயத்தில் நான் சொன்னது எனக்குச் சொல்லப்பட்டதுதான், விடுங்கள்.

மொட்டைமாடி:
எல்லாருக்கும் நன்றி. பல் மருத்துவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பல் ஆயுசுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டுதான் இருக்குமாம், கீழ்வரிசையில் நெருக்கம் வருவது சகஜமாம். மேலுதடும் வயதோடு இறங்குவதால் பேசும்போது கீழ்ப்பல்தான் அதிகம் கண்ணில் படுமாம், பேத்தி அதைப் பிடித்ததில் ஆச்சரியமில்லை. ஈறும் எலும்பும் நன்றாக இருப்பதால் இந்த வயதிலும் க்ளிப் போடலாம், ஆனால் கழற்றிய பிறகு பல் மறுபடி நகராமல் பிடித்து வைக்கும் ரிடெய்னரை இரவில் விடவே கூடாது என்றார். யோசிக்க வேண்டும். க்ளீனிங் மட்டும் செய்துகொண்டேன். கீழ்ப்பற்களின் பின்பக்கம் நாக்கை வைத்தால் யாருடைய வாயோ மாதிரி இருக்கிறது, இத்தனை நாள் இருந்த காரையைப் பல் என்றே நினைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து பேத்தியிடம் ஈயென்று காட்டினேன். அவள் பார்க்கக்கூட இல்லை. அவளுக்கு முன்பல் ஆட ஆரம்பித்திருக்கிறது, நாள் முழுக்க அதையே நாக்கால் தள்ளிக்கொண்டிருக்கிறாள்.